வலது லிவர்

முதலில் பழசை மாட்டிப் பார்த்தேன். கழற்றினேன். புதுசை எடுத்து ஹேண்டில்பாரில் வைத்துப் பார்த்தேன். அதையும் இறக்கினேன். காலை ஆறரையிலிருந்து இதே வேலை. ஒன்பது நாளாக இதே வேலை. ஒரு கியர் லிவரை மாட்ட ஒரு திருகு, ஒரு நிமிஷம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அந்த ஒரு நிமிஷமும் அதிகம். வண்டி ஸ்டாண்டில் தொங்குகிறது. ஸ்டீல் ஃபிரேம், வளைந்த ஹேண்டில்பார், ரேஸ் சைக்கிள். நான் ஓட்டியது. பிறகு என் மகன் ரெஜிஸ் ஓட்டியது. போன வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டை ரோட்டில், மாத்தூர் தாண்டி, இதை ஓட்டிக்கொண்டு போனவன்தான் விழுந்தான். வண்டி திரும்பி வந்தது. பதினோரு மணிக்கு மெட்டில்டா வருவாள். ரெஜிஸின் மனைவி. ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறாள், கடைசியாக இங்கே நின்று வண்டியையும் ஏற்றிக்கொள்வாள். ஓட்டப்போகிறாளாம். "அவரு ஓட்டுன மாதிரியே வேணும் மாமா. அதே லிவர். அவரு கை பட்டது." சரி என்றேன். சரி என்று சொல்ல என்ன கஷ்டம். வாய் திறந்தால் வந்துவிடுகிறது.

மேஜையில் இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. பழசு ஒரு விரல் நீளம். அலுமினியம், இத்தாலிக்காரன் செய்தது, ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது, துடைத்தால் இன்னும் முகம் தெரிகிறது. இது ஹேண்டில்பாரில் உட்காராது. ஃபிரேமின் சாய்வுக் குழாயில், முழங்காலுக்குப் பக்கத்தில், இரண்டு முளை இருக்கும், அதில் உட்காரும். கியர் மாற்ற வேண்டுமா, ஒரு கையை எடுத்துக் கீழே விட வேண்டும். வலது லிவர் பின் சக்கரத்துக்கு. இழுத்தால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், விட்டால் சின்னதுக்கு இறங்கும். எவ்வளவு இழுப்பது? அது சொல்லாது. நீயாகக் கேட்டு, உள்ளங்காலில் உணர்ந்து, மயிரிழை நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். அதுதான் சைக்கிள் ஓட்டுவது என்று நாற்பது வருஷம் கண்டவனிடமெல்லாம் பேசித் திரிந்தேன். புதுசு ஜப்பான்காரன் செய்தது. பிரேக்கும் கியரும் ஒரே பிடியில். இரண்டு கையும் ஹேண்டில்பாரை விட்டு நகர வேண்டாம். நடுவிரலால் தட்டினால் டக். ஒரு பல்சக்கரம். இன்னொரு டக், இன்னொன்று. கிலுகிலுப்பை என்றேன் அதை. "கிலுகிலுப்பைடா இது. தொட்டில்ல கட்டு." ரெஜிஸ் சிரித்தான். நான் எது சொன்னாலும் முதலில் சிரிப்பான். பிறகுதான் முகம் சுருங்கும். சுருங்குவதை நான் நின்று பார்த்ததில்லை. அதற்குள் வேறு ஸ்பேனர் எடுக்கத் திரும்பியிருப்பேன்.

உள்ளேயிருந்து செசிலி. "ஏங்க, ரெண்டு லிவருக்கு ஒம்போது நாளு. நவநாள் ஜெபம் வெச்சிருக்கீங்களா, எந்தப் புனிதருக்கு?" லிவரைத் துணியால் துடைத்தேன். "தோசை ஆறுது." "ஆறட்டும்." "ஆறுனதத் தின்னுட்டு வயிறு மந்தமா இருக்குன்னு ராத்திரி எங்கிட்டதான வருவீங்க." இப்போது இப்படிப் பேசுகிறாள். ஆறு மாசம் பேசவே இல்லை. ஒரே மகன். கல்லறைக்குப் போவாள், வருவாள், சோறு வைப்பாள். ஒருநாள் நான் குழம்பில் உப்பு இல்லை என்றேன், "உங்க நாக்குக்குன்னு ஒரு உப்பளம் வாங்கணும்" என்றாள், சொன்னவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு வந்தது. அவள் பேச்சு மறுபடி போய்விடக் கூடாது. இன்று மெட்டில்டாவுக்காக ஆட்டுக்கறி எடுத்து வந்திருக்கிறாள், மசாலா வாசம் முன்வாசல் வரை வருகிறது, கிரீஸ் வாசத்தோடு கலக்கிறது. திருகு விரலிலிருந்து நழுவிப் போகிறது. வயசு. எழுபத்திரண்டு. வயசுதான்.

இந்த லிவர் எனக்கு வந்தது டெரிக்கிடமிருந்து. லோகோ ஷெட்டில் டிரைவர், ஆங்கிலோ இந்தியன், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது பெட்டியில் இடமில்லை என்று ஃபிரேமும் லிவரும் என்னிடம் விட்டுப் போனான். "மெதுவா இழு மேன், பொண்ணு காதைத் திருகுற மாதிரி" என்றான். எழுபத்தெட்டில் கரக்பூரில் ரயில்வே மீட், சைக்கிள் ரேஸ். கடைசிச் சுற்றில் மூன்று பேர் முன்னால், நான் கையைக் கீழே விட்டேன், ஒரே இழுப்பு, செயின் பூ மாதிரி உட்கார்ந்தது, இரண்டு பேரைத் தாண்டினேன். இந்தக் கதையை ரெஜிஸுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அஞ்சு வயசில் மடியில் வைத்துச் சொன்னேன். பதினஞ்சு வயசில் ஃபிரேமை அவன் கையில் கொடுக்கும்போது சொன்னேன். மூன்று பேரையும் தாண்டியதாகச் சொன்னேன். ஜெயித்ததாகச் சொன்னேன். இரண்டாவது வந்தேன். முதல் ஆள் பஞ்சாப்காரன், அவனை நான் தொடக்கூட இல்லை. எதற்குச் சொன்னேன்? பிள்ளை கேட்கிறானே என்று. கண் விரிகிறதே என்று. ஒரு பொய்க்கு ஒரு பிள்ளை நாற்பது வயசு வரை கையைக் கீழே விட்டுக்கொண்டிருந்தான். இல்லை. அப்படி இல்லை. அவனுக்கும் பிடித்துதான் இருந்தது. பிடித்துதான் இருந்தது முதலில். பாலிடெக்னிக்கில் வாத்தியார் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து போவார்கள், அவர்களிடமெல்லாம் புதுசு, இவனிடம் மட்டும் இது. "எல்லாரும் நின்னு பாக்கறாங்கப்பா." பெருமையாகத்தான் சொன்னான். அது முதல் வருஷம். பிறகு ஒருநாள் இதே மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, துணியை முறுக்கிக்கொண்டே, "அப்பா, கையை எடுக்க பயமா இருக்குப்பா. ரோடு முன்ன மாதிரி இல்ல. டிப்பர் லாரி உரசிக்கிட்டுப் போறான். புதுசு போட்டுக்கவா?" நான் நிமிரவில்லை. "பயம்னா ஸ்கூட்டி வாங்கிக்க." அவ்வளவுதான். அஞ்சு சொல்கூட இல்லை. அவன் சிரித்தான். துணியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

பயம்னா ஸ்கூட்டி வாங்கிக்க. பல் தேய்க்கும்போது வருகிறது. பூசையில் நற்கருணை வாங்கப் போகும் வரிசையில் வருகிறது. இரண்டு வாரம் முன்பு மெட்டில்டா வீட்டைக் காலி பண்ணும்போது பீரோவில் அவன் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி எடுத்தாளாம், பீரோவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒரு பின் சக்கரம். ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். "இது என்னன்னு தெரியல மாமா, சைக்கிள் சாமான்தான், யாருக்காவது குடுத்துடுங்க." தெரியவில்லை என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், என்ன என்று கேட்கவில்லை. திறந்தேன். புதுசு. லிவர் இரண்டு, பின் கியர், செயின், எல்லாம். ஒட்டுத்தாள் கிழித்து மறுபடி ஒட்டியிருந்தது. திறந்து பார்த்திருக்கிறான். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறான். மூடிவிட்டான். ஊரில் மெக்கானிக்கா இல்லை, கன்டோன்மென்டில் ஒருவனிடம் கொடுத்தால் ஒருநாளில் மாட்டித் தந்திருப்பான். கொடுக்கவில்லை. என் கையால் மாட்டட்டும் என்று இருந்தானோ. என்றைக்காவது நானே "சரி, கொண்டாடா" என்பேன் என்று. சொல்லியிருப்பேனா? இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கமாட்டேன். யாரை ஏமாற்றுகிறேன்.

இதுவரைக்கும் என்றால் தாங்கிக்கொள்ளலாம். பிடிவாதக்காரக் கிழவன், ஊரில் இல்லாததா. ஆனால் நான் செயினைப் பார்த்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து நாலாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடிபட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தது. முன் சக்கரம் அப்பளமாக நெளிந்திருந்தது. ஃபிரேமில் ஒரு கீறல் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை, அந்த ஃபிரேம் அப்படி நேராக நின்றது. ரோட்டில் ஜல்லி சிதறிக் கிடந்ததாம், சக்கரம் வழுக்கிப் பாலத்துக் கட்டையில் தலை, ஹெல்மெட் போட்டிருந்தான், கழுத்து போய்விட்டது, கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை, "விதிதான் பெரியவரே" என்றார் ஏட்டு. நான் குனிந்தேன். செயின் மூன்றாவது பல்சக்கரத்தில் இல்லை. நாலாவதிலும் இல்லை. நடுவில், பல்லின் நுனியில் ஏறி, உட்காராமல் நின்றது. வலது லிவர் பாதி வழியில் இருந்தது. இதை ஏட்டு பார்த்தால் ஒன்றுமில்லை. எவன் பார்த்தாலும் ஒன்றுமில்லை. நான் படித்துவிட்டேன். விழுந்த நொடியில் கியர் மாற்றிக்கொண்டிருந்தான். வலது கை கீழே இருந்தது. ஒரு கையால் ஜல்லியில் போயிருக்கிறான். இரண்டு கையும் மேலே இருந்தால்? யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஜல்லியில் இரண்டு கையால் போவதற்கும் ஒரு கையால் போவதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். அப்புறம் என் கை தானாகப் போனது. பெடலைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினேன். டக். செயின் நாலாவதில் போய் உட்கார்ந்தது. முடிந்தது. இனி ஒருவனும் படிக்க முடியாது. ஃபிட்டர் கை, தப்பான இடத்தில் நிற்கும் எதையும் விட்டுவைக்காது, கோவிலில் கோணலாக நிற்கும் மெழுகுவர்த்தியைக்கூட நிமிர்த்தும், பழக்கம். பழக்கமா? சுற்றும்போது ஏட்டு எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்தேனே. பழக்கம் என்றால் ஏன் பார்த்தேன். பதினாலு மாசமாக இந்த இடத்தில் வந்து நிற்கிறேன். இதைத் தாண்டி மனசு போகமாட்டேன் என்கிறது.

எட்டரை. வெயில் மேஜைக்கு வந்துவிட்டது. பழசை மாட்டினால் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள். மெட்டில்டா லிவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், "மாமா" என்பாள், போன் பண்ணுவாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள். செசிலி கறி பரிமாறுவாள். ஓசூர் ரோடு. லாரி போகிற ரோடு. மெட்டில்டா இப்போதுதான் ஓட்டப் பழகியவள், ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் காதுவரை ஏறி. அவள் கையைக் கீழே விடுவாள். பார்க்காமல் விடத் தெரியாது, குனிந்து பார்ப்பாள். குனிந்து பார்க்கிறாள். நிறுத்து. புதுசை மாட்டி, பழசு தேய்ந்துவிட்டது என்று சொன்னால்? நம்புவாள். ஆனால் அன்றைக்கே சொன்னாளே, "உங்களுக்கு முடியலன்னா லிவரைத் தனியாக் குடுங்க மாமா, ஓசூர்ல யாரையாவது வெச்சு மாட்டிக்கறேன்" என்று. மாட்டிக்கொள்வாள். அவன் கை பட்டது. சுத்தியலால் ஒரு போடு போட்டு உடைத்துவிட்டால்? சுத்தியலை எடுத்தேன். லிவரின் நுனியில் கட்டைவிரல் படும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. என் விரல் பாதி, அவன் விரல் பாதி. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். பொய்யில் எந்தப் பக்கம் போனாலும் அவள் கை கீழேதான் போகிறது. மாட்டவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். சொன்னால் அவளுக்கு நான் யார்? புருஷனைக் கொன்றவன் என்று சொல்லமாட்டாள். நல்ல பெண். சொல்லமாட்டாள். அதுதான் பயம்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. எழுந்தேன். புதுச் சக்கரம் பழைய ஃபிரேமில் நுழையாது, நாலு மில்லிமீட்டர் அகலம் கூட. ஃபிரேமின் பின் கால்கள் இரண்டையும் விரிக்க வேண்டும். ஸ்டீல், விரியும், ஆனால் விரித்தால் பிறகு பழசுக்குப் போக முடியாது. போகலாம், மறுபடி நெருக்கலாம், ஆனால் நெருக்கமாட்டேன், எனக்குத் தெரியும். மரை போட்ட கம்பியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து நட்டைத் திருகினேன். ஸ்டீல் முதலில் ஒத்துக்கொண்ட மாதிரி விரியும், தளர்த்தினால் பழையபடி வந்து நிற்கும். பிடிவாதம். இன்னும் திருக வேண்டும், வேண்டியதற்கு மேல் திருக வேண்டும், அப்போதுதான் வேண்டியதில் வந்து நிற்கும். கிர்ர் என்றது. "என்னங்க சத்தம்?" என்றாள் செசிலி. "ஒண்ணுமில்ல." நூல் கட்டி இரண்டு பக்கமும் அளந்தேன். இடது பக்கம் ஒரு மில்லி கூட. மறுபடி. உட்கார்ந்தேன், எழுந்தேன். சரியாக வந்தது. லிவர் இருந்த முளையில் கேபிளைத் தாங்கும் சின்னக் கட்டையை வைத்து முடுக்கினேன். கேபிள் இழுத்தேன். ஹேண்டில்பாரில் நாடா சுற்றினேன். தட்டிப் பார்த்தேன். டக். டக். எட்டு பல்சக்கரத்திலும் ஏறி இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, ரெஜிஸ். என்ன கெட்டுப்போயிற்று என்று இதைப் போய்.

பதினொன்றே காலுக்கு வேன் வந்தது. மெட்டில்டா இறங்கினாள். கட்டிலும் மிக்ஸியும் அவன் புத்தகமும் கயிற்றில் கட்டிக் கிடந்தன. வந்தவள் வண்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், விரலால் அந்த முளையைத் தொட்டாள். "மாமா, பழசத்தான போடச் சொன்னேன்." "ஆமா." "பின்ன?" பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். வந்தது வேறு. "செயின் நடுவுல நின்னுச்சும்மா," என்றேன். "எந்தச் செயின்?" "ஸ்டேஷன்ல. வண்டி எடுக்கப் போனப்ப. ரெண்டு பல்சக்கரத்துக்கும் நடுவுல நின்னுச்சு. கியர் மாத்திக்கிட்டு இருந்திருக்கான். வலது கை கீழ. ஜல்லி வரும்போது ஒரு கைதான் மேல இருந்துச்சு." அவள் விரல் முளையிலேயே இருந்தது. நானே சொன்னேன். "புதுசு போடவான்னு கேட்டான். நான் விடல. பயம்னா ஸ்கூட்டி வாங்கிக்கன்னேன். அந்தச் செயினையும் சுத்திச் சரி பண்ணிட்டேன், யாரும் பாக்கறதுக்கு முன்ன." வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "அவருக்கு இடது கையில தோலே இல்ல மாமா, எலும்பு தெரிஞ்சுச்சு. வலது கையில ஒரு கீறல் இல்ல. நான்தான் துடைச்சேன். விழறவங்க ரெண்டு கையும்தான ஊணுவாங்க. ஏன் இது மட்டும் சுத்தமா இருக்குன்னு... தினமும் யோசிச்சேன்." நின்றாள். "இதானா."

அதோடு போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன். போகவில்லை. "அந்தப் பெட்டிய அவரு பிரிச்சாரு மாமா. எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வெச்சாரு. கன்டோன்மென்ட்ல குடுத்து மாட்டிக்கறேன்னாரு. நான்தான் சொன்னேன், மாமாக்கு மனசு நோகும், அவரே ஒருநா வழிக்கு வருவாரு, பொறுங்கன்னு. அன்னிக்கு உள்ள வெச்சதுதான்." குரல் சாதாரணமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டைப் படிக்கிற குரல். என் மனசு நோகும். இதற்கா இவளிடம் சொன்னேன்? பதினாலு மாசம் நான் சுமந்ததைப் பாதியாக்கிக் கொடுத்தேன் என்று நினைத்தேன், பாதியாகவில்லை, என்னுடையது என்னிடம் அப்படியே இருக்கிறது, அவளுக்கு ஒன்று புதுசாகக் கொடுத்துவிட்டேன். "நீ என்னம்மா பண்ணுவ, நீ..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். வண்டியைத் தானே ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். பிடியில் கை வைத்தாள். "எது ஏறும்?" "பெரிய லிவரத் தட்டுனா ஏறும். பின்னால இருக்கற சின்னதத் தட்டுனா இறங்கும்." பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தேன், அவள் பெடலைச் சுற்றித் தட்டினாள். டக். அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு தரம் தட்டவில்லை. பழைய லிவர் இரண்டையும் துணியில் மடித்து நீட்டினேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியாது." துணியை வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு போய் வேன்காரனோடு சேர்ந்து கட்டிலுக்கு மேல் படுக்க வைத்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். வேன் கிளம்பிவிட்டது.

செசிலி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "எங்க அவ? வேன் சத்தம் கேட்டுச்சு. உள்ள வராமயா போறா? எலை போட்டு வெச்சிருக்கேன். என்னங்க? என்ன சொல்லி வெரட்டுனீங்க?" நான் அவள் கரண்டியைப் பார்த்தேன். நுனியிலிருந்து குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லலாம். நேரமாயிற்று, வேன்காரன் அவசரப்பட்டான், போன் பண்ணுகிறேன் என்றாள். எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன. உப்பளம் என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டவள். இந்தப் பேச்சு நாளையிலிருந்து இருக்காது. "கேக்கறேன்ல. வாயில என்ன வெச்சிருக்கீங்க, லிவரா?" என்றாள்.

"அடுப்ப அணைச்சிட்டு வா," என்றேன். "வந்து இப்படி உக்காரு, செசிலி."